மாணவர்களின் சொந்தக் கதைகளை வகுப்பில் பயன்படுத்துவது எப்படி? சமூகப்பணி கற்பிக்கப் புதிதாக வருபவர்களுக்கு

சமூகப்பணி படிக்க வருபவர்களில் பலர் ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். குடிநோயில் சிக்கிய அப்பா, காப்பகத்தில் கழிந்த குழந்தைப் பருவம், பாதியில் நின்ற படிப்பு, நெருக்கடியில் கைகொடுத்த ஒரு சமூகப்பணியாளர். நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்தக் கதைகள் வகுப்புக்குள் வந்துவிடும். குழந்தைகள் மீதான வன்முறை பற்றிப் பாடம் நடக்கும்போது ஒருவர் சட்டென்று எழுந்து வெளியே போவார். இன்னொருவரின் களப்பணி அறிக்கையில் ஒரே ஒரு குடும்பத்தைப் பற்றி மட்டும் வழக்கத்துக்கு மாறான கோபம் தெரியும். வருகிற கதையை எப்படிக் கையாள்வது, எப்போது கேட்பது, எப்போது கேட்காமல் இருப்பது என்பதை ஆசிரியர் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

என் நிலைப்பாட்டைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். கதை மாணவருடையது. ஆசிரியர் என்பதாலேயே அதைக் கேட்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. மதிப்பெண் நம் கையில் இருக்கும்போது, “விருப்பம் இருந்தால் சொல்லுங்கள்” என்று எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும் அது ஓர் உத்தரவாகத்தான் காதில் விழும். இந்தக் கட்டுரையில் வரும் எல்லா யோசனைகளும் அந்தக் கவலையிலிருந்து வந்தவை.

முதலில், எதற்காகக் கேட்கிறீர்கள்?

மாணவர்களின் சொந்த அனுபவத்தைப் பாடத்துக்குள் கொண்டுவர மூன்று நல்ல காரணங்கள் உண்டு.

ஒன்று, தன்னை அறிதல். இந்தத் தொழிலில் பெரும்பாலும் பணியாளரே கருவி. தனக்கு எது உறுத்தும், எந்த வகை மனிதர் முன்னால் பொறுமை போய்விடும், யாரைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்று கை பரபரக்கும் என்பதெல்லாம் தெரியாமல் களத்துக்குப் போவது பயனாளிக்கு நல்லதல்ல.

இரண்டு, தனி வாழ்க்கையைச் சமூகத்தோடு இணைத்துப் பார்ப்பது. சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959-இல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். 1,00,000 பேர் வாழும் நகரில் ஒருவருக்கு மட்டும் வேலை இல்லையென்றால் அது அவருடைய தனிப்பட்ட இன்னல். 5 கோடி தொழிலாளர்கள் உள்ள நாட்டில் 1.5 கோடிப் பேருக்கு வேலை இல்லையென்றால் அது பொதுப் பிரச்சினை, அதன் தீர்வை ஒரு தனிமனிதரின் குணத்தில் தேட முடியாது. இதைப் பாடமாகக் கேட்டால் மாணவர் தலையாட்டுவார். தன் வீட்டுக் கதையில் பார்த்துவிட்டால் பிறகு மறக்கமாட்டார்.

மூன்று, கேள்வி கேட்கப்படுபவரின் நாற்காலியில் ஒருமுறையாவது உட்கார்ந்து பார்ப்பது. முன்பின் தெரியாத ஒருவரிடம் வீட்டு விஷயத்தைச் சொல்வது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவர், நாளை பயனாளியிடம் வேறு விதமாகக் கேட்பார்.

உங்கள் பாடவேளையின் நோக்கம் இந்த மூன்றில் எதிலும் சேரவில்லை என்றால், கதை கேட்கும் பயிற்சியைத் தள்ளிப்போடுங்கள். வகுப்பு நெகிழ வேண்டும், மாணவர்கள் நெருக்கமாக வேண்டும் என்பவை மட்டும் போதுமான காரணங்கள் அல்ல.

சொல்லாமல் இருக்கும் வழியை முதலில் அமையுங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். பணியைக் கொடுத்துவிட்டு, “சிரமமாக இருந்தால் என்னை வந்து பாருங்கள்” என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அது வழியே அல்ல. சொல்ல விரும்பாத மாணவர், ஏன் சொல்ல விரும்பவில்லை என்று வந்து விளக்க வேண்டியிருந்தால், அந்த விளக்கத்திலேயே பாதிக் கதை வெளியே வந்துவிடும்.

மாற்றுப் பணி, முதல் பணியோடு ஒரே தாளில், அதே மதிப்பெண்ணோடு, அதே அளவு உழைப்போடு இருக்க வேண்டும். சொந்த அனுபவம், ஏற்கெனவே வெளியான ஒரு தன்வரலாற்றின் பகுதி, ஆசிரியர் தரும் கற்பனைக் குடும்பம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதுங்கள். தேர்வுக்குக் காரணம் கேட்க வேண்டாம். இன்னொரு விஷயம்: யார் எதை எடுத்தார்கள் என்பது வகுப்புக்குத் தெரியக் கூடாது. முப்பது பேரில் இரண்டு பேர் மட்டும் மாற்றுப் பணியை எடுத்தது தெரிந்துவிட்டால், அந்த இருவருக்கு ஏதோ இருக்கிறது என்று மற்றவர்கள் பேசத் தொடங்குவார்கள். எல்லோரும் ஒரே வடிவத்தில், ஒரே தலைப்பில் சமர்ப்பிக்கட்டும்.

சொந்தக் கதையை எழுதத் தொடங்கி, பாதியில் மனம் மாறிக் கற்பனைக் குடும்பத்துக்குப் போகவும் இடம் வேண்டும். ஒப்புதல் என்பது ஒருமுறை வாங்கிவிட்டு முடிந்துபோகிற விஷயம் அல்ல என்று களப்பணிக்கு நாம்தானே சொல்லிக்கொடுக்கிறோம்!

கேள்வியை அமைப்பது

“உங்கள் வாழ்வின் மிகத் துயரமான நிகழ்வை எழுதுக” போன்ற கேள்வியைக் கொடுக்கவே கூடாது. அது காயத்தை நேரே தேடிப் போகிறது. பெரிய காயம் உள்ளவர்தான் நல்ல மாணவர் என்ற தவறான எண்ணத்தையும் விதைக்கிறது.

சிறியதாக, ஆழத்தை மாணவரே முடிவு செய்யும்படி கேளுங்கள். ஓர் அலுவலக வரிசையில் நீண்ட நேரம் காத்திருந்த அனுபவம். உதவி கேட்கத் தயங்கி நின்ற ஒரு தருணம். உங்களைப் பற்றி யாரோ நிரப்பிய ஒரு படிவம். நீங்கள் சொன்னதை ஒருவர் முழுமையாகக் கேட்ட நேரம். இவற்றுக்கு ஒரு மாணவர் நூலக அட்டைக்காக வரிசையில் நின்றதை எழுதலாம், இன்னொருவர் அம்மாவின் உதவித்தொகைக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்ததை எழுதலாம். இரண்டிலும் பாடம் இருக்கிறது: காத்திருக்க வைப்பவர் யார், காத்திருப்பவர் யார், அதை முடிவு செய்வது யார்?

“எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லையே, என் வாழ்க்கை சாதாரணமாகத்தான் போனது” என்பவர்களும் இருப்பார்கள். அவர்களை அப்படியே விட்டுவிட வேண்டாம். வரிசையில் நிற்கவே தேவையில்லாமல் வளர்ந்ததும் ஒரு கதைதான். எந்தக் கதவு தட்டாமலே திறந்தது, ஏன் திறந்தது என்று அவர் எழுதிப் பார்த்தால், வசதி எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்கிறது என்பது அவருக்கே புரியும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கவனம் வேண்டும். ஒடுக்கப்பட்ட பின்னணியிலிருந்து வரும் மாணவர்களிடம் மட்டும் மீண்டும் மீண்டும் கதை கேட்கும் வழக்கம் பல வகுப்புகளில் இருக்கிறது. வறுமை பற்றிப் பேச்சு வந்தால் எல்லோர் கண்ணும் ஒருவர் பக்கம் திரும்பும். ஈவ் டக் என்ற ஆய்வாளர், சமூகங்களை அவற்றின் சேதத்தை மட்டும் வைத்துப் பதிவு செய்யும் ஆய்வு முறையை 2009-இல் கடுமையாகக் கேள்வி கேட்டார். வகுப்பறைக்கும் அது பொருந்தும். அந்த மாணவர் ஒரு சமூகத்தின் மாதிரி அல்ல, பாடம் படிக்க வந்தவர். வலியைக் கேட்கும் இடத்திலெல்லாம் திறமையையும் மகிழ்ச்சியையும் எதிர்த்து நின்றதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வகுப்பின் ஒப்பந்தம்

கதைகள் தொடங்கும் முன், வகுப்பே சேர்ந்து சில விதிகளை எழுதிக்கொள்ள வேண்டும். இங்கே கேட்டது இங்கேயே இருக்கும், பதிவு செய்யக் கூடாது, வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது என்பவை எல்லோருக்கும் தோன்றும். இணையவழி வகுப்பானால், பேச்சைத் தானாக எழுத்தாக்கும் வசதியும் காணொளிப் பதிவும் அணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். இது பலருக்கு மறந்துபோகும்.

இரண்டு விஷயங்களை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். முதலாவது, இரகசியக் காப்புக்கு எல்லை உண்டு என்பது. ஒருவர் தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து இருப்பதாகச் சொன்னாலோ, ஒரு குழந்தை துன்புறுத்தப்படுவது தெரியவந்தாலோ நீங்கள் வாய் மூடி இருக்க முடியாது. பல நாடுகளில் குழந்தைகள் மீதான வன்முறையைத் தெரிவிப்பது சட்டப்படியான கடமை. உங்கள் நாட்டுச் சட்டமும் நிறுவன விதியும் என்ன சொல்கின்றன என்று வகுப்புக்குப் போகும் முன் படித்துவிடுங்கள். மாணவர் சொல்லி முடித்த பிறகு, “இதை நான் மேலே தெரிவிக்க வேண்டும்” என்று சொல்வது அவருக்குத் துரோகமாகவே படும். முன்னாலேயே சொல்லியிருந்தால், சொல்வதா வேண்டாமா என்ற முடிவு அவர் கையில் இருக்கும்.

இரண்டாவது, கதையில் வரும் மற்றவர்கள். ஒருவர் தன் கதையைச் சொல்லும்போது அண்ணனின் நோயும் அம்மாவின் கடனும் சேர்ந்தே வரும். அவர்கள் யாரும் வகுப்பில் உட்கார்ந்து ஒப்புதல் தரவில்லை. பெயர், ஊர், தொழில் ஆகியவற்றை மாற்றி எழுதும் பழக்கத்தை இங்கேயே தொடங்கினால், களப்பணிப் பதிவேடு எழுதும்போது அது தானாக வரும்.

சர்வதேச சமூகப்பணியாளர் கூட்டமைப்பு 2018-இல் ஏற்றுக்கொண்ட அறநெறிக் கோட்பாடுகளில் தன்முடிவுரிமை (தன் வாழ்க்கை முடிவுகளைத் தானே எடுக்கும் உரிமை), இரகசியக் காப்பு, தொழில்நுட்பத்தை அறத்தோடு பயன்படுத்துதல் ஆகிய மூன்றும் இடம்பெற்றிருக்கின்றன. வகுப்பு ஒப்பந்தத்தை எழுதும்போது அந்த ஆவணத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பயனாளிக்குக் காட்டச் சொல்லும் மரியாதையை மாணவர் முதலில் தன் வகுப்பில் அனுபவிக்கட்டும்.

எழுத்துக்கு நேரம்

ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட ஆய்வை இந்தத் துறையில் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். கல்லூரி மாணவர்கள் தங்கள் மனத்தைப் பாதித்த நிகழ்வுகளைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம் வீதம் 4 நாள் எழுதினார்கள். நிகழ்வையும் அதைச் சார்ந்த உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. இதைச் சொல்லி, “எழுதினால் மனம் லேசாகும்” என்று மாணவர்களை ஊக்குவிப்பவர்கள் இரண்டு விவரங்களை விட்டுவிடுகிறார்கள். எழுதி முடித்த உடனே அந்த மாணவர்களின் மனநிலை முன்பைவிடச் சோர்ந்துதான் இருந்தது. அவர்கள் எழுதியதைச் சக மாணவர்கள் யாரும் படிக்கவுமில்லை, யாரும் மதிப்பெண் போடவுமில்லை. ஆகவே வகுப்பில் பகிரச் சொல்வதற்கு அந்த ஆய்வை ஆதாரமாகக் காட்டாதீர்கள்.

அதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். எழுதும் பயிற்சியை வார இறுதிக்கு முந்தைய கடைசி வகுப்பில் வைக்க வேண்டாம். எழுதிய பிறகு குறைந்தது இருபது நிமிடமாவது வேறு ஏதாவது இலகுவான வேலை இருக்கட்டும்.

கேட்கக் கற்றுக்கொடுங்கள்

கதை சொல்வதைவிடக் கேட்பதுதான் கடினமான பயிற்சி, அதிகப் பயன் தருவதும் அதுதான். பயிற்சி இல்லாத வகுப்பில் ஒருவர் சொல்லி முடித்ததும் மூன்று விதமான பதில்கள் வரும்: அறிவுரை, பாராட்டு, அல்லது “எங்கள் வீட்டிலும் இதே மாதிரிதான்” என்று தொடங்கும் இன்னொரு கதை. மூன்றுமே நல்ல மனத்தோடு வருபவைதான். ஆனாலும் மூன்றும் சொன்னவரிடமிருந்து கதையைப் பறித்துவிடுகின்றன. “நீ எவ்வளவு தைரியசாலி” என்ற பாராட்டுகூட, இனி அழக் கூடாது என்ற சுமையை ஏற்றிவிடும்.

ஒருவர் தன் வாழ்க்கையைச் சொல்லும் கதை வழியாக அவருக்கு உதவும் கதையாடல் சிகிச்சையை டேவிட் எப்ஸ்டனுடன் சேர்ந்து உருவாக்கிய மைக்கேல் வைட், கதையைக் கேட்கும் சாட்சிகளுக்கென்று ஒரு முறை வைத்திருந்தார். அதை வகுப்புக்கு ஏற்றபடி எளிதாக்கிக்கொள்ளலாம். கேட்பவர் நான்கு விஷயங்களை மட்டும் சொல்வார். சொன்னவரின் எந்தச் சொல் அல்லது வாக்கியம் என் காதில் நின்றது? அதைக் கேட்டபோது அவருடைய வாழ்க்கையைப் பற்றி, அவர் எதை முக்கியமாக நினைக்கிறார் என்பதைப் பற்றி, என்ன சித்திரம் மனத்தில் வந்தது? அது என் வாழ்க்கையில் எதைத் தொட்டது? அதைக் கேட்டதால் என் சிந்தனை எங்கே நகர்ந்திருக்கிறது?

மூன்றாவது கேள்விக்கு ஓரிரு வாக்கியத்துக்கு மேல் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் பேச்சு கேட்பவரின் கதைக்குத் தாவிவிடும். மூன்று பேர் கொண்ட குழுவில் ஒருவர் சொல்ல, ஒருவர் கேட்க, ஒருவர் கேட்பதைக் கவனிக்கட்டும். முழு வகுப்பின் முன்னால் சொல்வது கட்டாயமே இல்லை. பல பருவங்களில் அது தேவைப்படாமலே போகும்.

மௌனத்துக்கும் பயிற்சி வேண்டும். ஒருவர் சொல்லி முடித்ததும் பத்து வினாடி யாரும் பேசக் கூடாது என்று வைத்துப் பாருங்கள். முதலில் எல்லோரும் நெளிவார்கள். அப்புறம் அந்தப் பத்து வினாடியில்தான் சொன்னவர் தான் சேர்க்க நினைத்த முக்கியமான ஒரு வரியைச் சேர்ப்பார். களப்பணியில் வீட்டுச் சந்திப்புக்குப் போகும்போது இந்த ஒரு பழக்கம் எத்தனையோ உத்திகளைவிட உதவும்.

கதையிலிருந்து பாடத்துக்கு

கதையைக் கேட்டதோடு வகுப்பு முடிந்துவிட்டால், மாணவர் வெளியே எடுத்துவைத்ததை நாம் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனதாக ஆகும். அதை வைத்து என்ன கற்றோம் என்பது கட்டாயம் வர வேண்டும்.

நான் மிகவும் மதிக்கும் பயிற்சி ஒன்று இருக்கிறது. மாணவர் தன் அனுபவத்தை முதலில் “நான்” என்று தன்மையில் எழுதுவார். பிறகு அதே நிகழ்வை, அன்று தன் வீட்டுக்கு வந்த ஒரு சமூகப்பணியாளர் பதிவேட்டில் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பாரோ அப்படிப் படர்க்கையில் எழுதுவார். ஒரு மாணவி பதினைந்து வயதில் அப்பாவுக்கு வேலை போன பிறகு, தம்பிகளைப் பார்த்துக்கொள்ள ஓராண்டு பள்ளிக்குப் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் தாளில், “காலையில் தம்பிகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு என் பழைய புத்தகங்களை எடுத்து வாசிப்பேன்” என்று இருக்கும். இரண்டாவது தாளில், “மூத்த மகள் இடைநின்றவர். கல்வியில் ஆர்வம் குறைவு. தாய் ஒத்துழைக்கவில்லை” என்று வரும். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது, “ஒத்துழைக்கவில்லை” என்ற ஒரு சொல் ஒரு குடும்பத்துக்கு என்ன செய்துவிடும் என்று வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த அம்மா ஏன் அலுவலகத்துக்கு வரவில்லை, பேருந்துக்குப் பணம் இருந்ததா, கைக்குழந்தையை யாரிடம் விடுவார் என்று பதிவேட்டில் விடுபட்டதெல்லாம் தானாகக் கேள்வியாக எழும்.

அதன் பிறகு வட்டத்தைப் பெரிதாக்குங்கள். ஆன் ஹார்ட்மன் 1975-இல் உருவாக்கிய சூழல் வரைபடம் இதற்கு நல்ல கருவி. நடுவில் குடும்பம், சுற்றிலும் பள்ளி, வேலையிடம், உறவினர், மருத்துவமனை, அரசு அலுவலகம். வலுவான உறவுக்குத் தடித்த கோடு, மெல்லிய உறவுக்குப் புள்ளிக்கோடு, இறுக்கமான உறவுக்கு வெட்டுக்கோடு. அந்த மாணவியின் படத்தில் அரசு அலுவலகத்துக்கு ஒரு கோடுகூட இல்லை என்றால், ஏன் இல்லை? அப்பாவின் வேலை போனது அவர் ஒருவருக்கு மட்டும் நடந்ததா, ஆலையே மூடப்பட்டதா? மில்ஸ் சொன்ன வேறுபாடு இந்த இடத்தில்தான் உயிர் பெறும்.

தலைமுறைகளைக் காட்டும் குடும்ப வரைபடத்துக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அதன் குறியீடுகளை மோனிகா மெக்கோல்ட்ரிக்கும் ராண்டி கெர்சனும் 1985-இல் முறைப்படுத்திப் பரவலாக்கினார்கள். அருமையான கருவிதான். ஆனால் தத்தெடுக்கப்பட்டவர், காப்பகத்தில் வளர்ந்தவர், அப்பா யாரென்று தெரியாதவர் முன்னால் அந்த வெற்றுத்தாளை வைத்து மூன்று தலைமுறைகளை வரையச் சொல்வது கொடுமை. முதல் முறை எல்லோருமே கற்பனைக் குடும்பத்தைத்தான் வரைய வேண்டும் என்று வைத்துவிடுங்கள். குறியீடுகளைக் கற்க அது போதும்.

“நானும் அப்படித்தான் இருந்தேன்” என்ற பொறி

சொந்த அனுபவம் உள்ள மாணவர் பயனாளியிடம் சீக்கிரம் நெருங்கிவிடுவார். அது பலம். அதே அனுபவம், “நான் மீண்டு வந்தேனே, உங்களால் ஏன் முடியாது” என்ற கடுமையாகவும் மாறலாம், அல்லது பயனாளியின் அழுகையில் தன் அழுகையை மட்டுமே கேட்கவைக்கலாம். பெலிக்ஸ் பீஸ்டெக் 1957-இல் தொகுத்த தனிமனிதப் பணியின் (ஒரு பயனாளியோடு நேரடியாகச் செய்யும் சமூகப்பணியின்) 7 கோட்பாடுகளில், ஒவ்வொருவரையும் தனித்தன்மை உள்ளவராகப் பார்ப்பதும், உணர்வில் கட்டுப்பாட்டோடு ஈடுபடுவதும் இதற்காகவே இருக்கின்றன. கதையை எழுதி முடித்த மாணவரிடம் இன்னொரு பக்கம் கேளுங்கள்: இதே நிலையில் இருக்கும் ஒரு பயனாளிக்கும் உங்களுக்கும் உள்ள வேறுபாடுகள் என்னென்ன? ஒற்றுமைகளை எழுதச் சொல்ல வேண்டியதில்லை, அவை முதல் வரியிலேயே வந்துவிடும்.

மதிப்பெண்

வலிக்கு மதிப்பெண் கிடையாது. கதையின் பெரும்பகுதியை மாணவர் எழுதாமலே விட்டாலும் முழு மதிப்பெண் பெற முடிய வேண்டும். அனுபவத்தைக் கோட்பாட்டோடு இணைத்த விதம், தன் முன்முடிவைத் தானே கேள்வி கேட்டது, களத்தில் இனி எதை மாற்றிச் செய்வார் என்பதில் தெளிவு, இவற்றுக்கு மட்டும் மதிப்பெண் பகுத்து, அந்தப் பகுப்பைப் பணியோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.

தாளைத் திருத்தும்போது, மனிதராக ஒரு வரி முதலில் எழுதுங்கள். அண்ணன் இறந்ததைச் சொல்லும் வாக்கியத்தில் இருக்கும் சந்திப்பிழையைச் சிவப்பு மையில் சுழிக்காதீர்கள். அந்தப் பக்கத்தில் பிழைத் திருத்தமே வேண்டாம்.

தாள் எங்கெல்லாம் போகிறது என்றும் பாருங்கள். இரண்டாவது திருத்துநர் படிப்பாரா? எழுத்துத்திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருட்கள் சில, சமர்ப்பிக்கும் தாளைத் தங்கள் சேமிப்பில் வைத்துக்கொள்ளும். அந்தச் சேமிப்பைத் தவிர்க்கும் அமைப்பு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் கையில் வாங்குங்கள். இவற்றையும் மாணவர் எழுதத் தொடங்கும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒருவர் உடைந்துபோனால்

சில நேரம் உடைவார்கள். பயிற்சியை நிறுத்துங்கள். பதறாமல், அந்த மாணவரிடமே கேளுங்கள்: “இப்போது உங்களுக்கு என்ன வேண்டும்? இங்கே இருக்கலாமா, கொஞ்சம் வெளியே போகலாமா, யாராவது கூட வரவேண்டுமா?” தேர்வு அவருடையதாக இருந்தாலே பாதி நிதானம் வந்துவிடும். மற்ற மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஏனென்றால் பார்த்தவர்களில் யாருக்கு எது தட்டியிருக்கும் என்று நமக்குத் தெரியாது.

பிறகு நீங்களே ஆற்றுப்படுத்துநராக மாறிவிடாதீர்கள். நீங்கள் பயிற்சி பெற்றவராகவே இருந்தாலும் சரி. அவருக்கு மதிப்பெண் போடுபவரும் அவருடைய மனப்புண்ணைக் கேட்பவரும் ஒரே ஆளாக இருந்தால், அவரால் இரண்டு இடத்திலும் உண்மையாக இருக்க முடியாது. கல்லூரியின் ஆலோசகர் யார், எந்த நேரத்தில் கிடைப்பார், வெளியே யார் இருக்கிறார்கள் என்று பருவத் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் எழுதிக் கொடுத்திருங்கள். அனுப்பிவைத்ததோடு நிறுத்தாமல், மறுநாள் சுருக்கமாக ஒரு செய்தி போடுங்கள். வகுப்பில் அழுதுவிட்டு வீட்டுக்குப் போனவர், இனி எல்லோரும் என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்ற கவலையில்தான் இரவைக் கழித்திருப்பார்.

கேட்பவருக்கும் சுமை ஏறும். லிசா மெக்கானும் லாரி ஆன் பியர்ல்மனும் 1990-இல் விவரித்த, பிறரின் காயத்தைக் கேட்பதால் உண்டாகும் மனப்பாதிப்பு ஆசிரியருக்கும் வரும். முப்பது தாள்களை ஒரே இரவில் படிக்க வேண்டாம். பெயர் சொல்லாமல் கலந்து பேச ஒரு சக ஆசிரியரை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியரின் கதை

மாணவர்களிடம் அந்தரங்கத்தைக் கேட்டுவிட்டுத் தான் எதையும் பகிராத ஆசிரியர் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார் என்று கல்வி பற்றி எழுதிய அமெரிக்கப் பேராசிரியர் பெல் ஹூக்ஸ் வாதிட்டார். எனக்கும் அதில் உடன்பாடுதான். முதல் கதையை நீங்கள் சொல்லுங்கள், சின்னதாக, நீங்கள் ஏற்கெனவே கடந்துவந்த ஒன்றாக. உங்களைத் தேற்றும் வேலை வகுப்பின் தலையில் விழுந்துவிடாத அளவில் அது இருக்கட்டும். நீங்கள் எவ்வளவு ஆழம் போகிறீர்களோ அவ்வளவு தாங்களும் போக வேண்டும் என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பின்னாளில் எடுத்தாளும்போது

நல்ல கதை ஒன்று கிடைத்தால், அடுத்த ஆண்டு மாணவர்களுக்குச் சொல்லலாமே, கட்டுரையில் சேர்க்கலாமே, கல்லூரியின் ஆண்டு மலரில் போடலாமே என்று ஆசை வரும். வகுப்புக்காகத் தந்த ஒப்புதல் இவை எதற்கும் செல்லாது. ஒவ்வொரு பயனுக்கும் தனித்தனியாக, எழுத்தில், எங்கே யார் படிப்பார்கள் என்று சொல்லிக் கேட்க வேண்டும். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். சிறிய துறையில், ஊரையும் ஆண்டையும் வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மாணவர் படிப்பை முடித்து, உங்கள் மதிப்பெண்ணோ பரிந்துரைக் கடிதமோ அவருக்குத் தேவைப்படாத காலத்தில் கேட்பதே முறை. அப்போதும் எழுதியதை அவருக்கு அனுப்பி, எதை நீக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒருவேளை அவர் மறுத்தால், அல்லது பதிலே வராவிட்டால், அந்தக் கதையை விட்டுவிட்டு நீங்களே ஒரு கற்பனைக் குடும்பத்தை எழுதிக்கொள்ளுங்கள்.